புதன்கிழமைக் கூட்டம்

சித்த அந்தப் பையை மடியில வெச்சுக்குங்க, நானும் உக்காந்துக்கறேன். சத்தியமங்கலம் போய்ச் சேர்ற வரைக்கும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கற வயசு இல்லீங்க எனக்கு. நீங்களும் யுனிவர்சிட்டி ஸ்டாப்புலதானே ஏறுனீங்க? அங்க வேலைங்களா? இல்லீங்களா. சொந்தக்காரங்களைப் பார்க்க வந்தீங்களா. சரி. கேட்டுக்கறது நல்லதுன்னு கேட்டேன். அந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கறவரா இருந்தா நான் வாயைத் தொறக்க மாட்டேன். அங்க ஒருத்தர்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயருங்க. பேரு மயில்சாமி. சத்தி, கோபி, புளியம்பட்டிப் பக்கம் கார் அடிபட்டாலும் லாரி கவுந்தாலும், சேதம் எவ்வளவுன்னு பார்த்து எழுதறது நம்ம வேலை. பார்த்து எழுதறதுன்னா லேசாத் தெரியும். வந்து நிக்கறவன் உண்மை பேசறானா, போன வருசம் மதில்ல ஒரசின கதவை இந்த வருசத்து விபத்தோட சேர்த்துக் காட்டறானான்னு கண்டுபுடிக்கணும். பாதிப் பேரு சேர்த்துத்தான் காட்டுவாங்க. அதனால நான் ஆளு பேச்சைக் காதுல போட்டுக்கறதே இல்லை. வண்டியைத் தொடாம, கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒரு சுத்துச் சுத்தி வருவேன். புது அடின்னா தகரம் பளபளங்கும். பழைய அடின்னா உள்ளுக்குள்ள துரு ஓடியிருக்கும், மடிப்புல மண்ணு அடைஞ்சிருக்கும். வாய் பொய் சொல்லும், தகரம் சொல்லாதுங்க.

இன்னொண்ணு. கேட்டதுக்கு மேல விவரம் சொல்றவனை நம்பக் கூடாது. கேட்டதுக்கே பதில் சொல்லாதவனையும் நம்பக் கூடாது. இதை வெச்சுத்தான் இத்தனை வருசம் தொழில் ஓட்டியிருக்கேன். ஒருத்தனும் என்னை ஏமாத்தினதில்லை.

எங்க ஊட்டுக்காரி பேரு கோகிலவாணி. இன்ஜினியரிங் காலேஜ்ல கணக்கு சொல்லிக் கொடுக்கறா. எங்களுக்குக் குழந்தைக இல்லீங்க. ஊட்ல பேச்சும் கம்மிதான். அவ விடைத்தாள் திருத்துவா, நான் ரிப்போர்ட் எழுதுவேன். எப்பவாச்சும் ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வண்டி பார்க்கப் போனா, நானும் வர்றேன்னு கெளம்பிருவா. பொம்பளைக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டா, சும்மாத்தான்னுவா. வந்து வேப்ப மரத்தடியில நின்னு நான் பார்க்கறதைப் பார்த்துக்கிட்டு இருப்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தப் பழக்கம். நான் தடுக்கலை.

நாப்பது தாண்டினதுக்கு அப்புறம் பி.எச்.டி. பண்ணணும்னு சொன்னா. வேலை நிலைக்கணும்னா அது வேணுமாமுங்க. பண்ணுன்னேன். இங்க இந்த யுனிவர்சிட்டியில ஏஐ லேப்னு ஒண்ணு இருக்குது பாருங்க, கம்ப்யூட்டருக்கு அறிவு புகட்டற இடம், அதுல சேர்ந்தா. என்ன ஆராய்ச்சின்னு கேட்டேன். அடிபட்ட வண்டி ஃபோட்டோவைக் காட்டினா, இது புது அடி, இது பழைய அடின்னு கம்ப்யூட்டரே பிரிச்சுச் சொல்லணுமாமா. கணக்கு படிச்சவளுக்கும் கார் கதவுக்கும் என்னங்க சம்பந்தம்? எங்க இருந்து இந்த யோசனை வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. நான் எடுத்த பழைய ஃபோட்டோவெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல கெடந்துச்சு. அதைக் குடுப்பீங்களான்னு கேட்டா. குப்பைதானே, எடுத்துக்கோன்னு தூக்கிக் குடுத்துட்டேன்.

அங்க புதன்கிழமை மத்தியானம் ஒரு கூட்டம் நடக்கும். வாரம் ஒருத்தரு முன்னால நின்னு, நான் இதைப் பண்ணினேன், இந்த எடத்துல முட்டிக்கிட்டு நிக்கறேன்னு பேசணும். மத்தவங்க கேள்வி கேக்கணும். பிரமிளா மேடம்னு ஒரு புரொஃபசர், அவங்கதான் லேப்புக்குத் தலைவி. அவங்க சட்டம் என்னன்னா, யாரு வேணாலும் எதை வேணாலும் கேக்கலாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. எங்க ஊட்டுக்காரி புதன்கிழமையானா காலையிலயே கஞ்சி போட்ட சேலை கட்டிக்கிட்டு கெளம்பிருவா. சாயங்காலம் திரும்பி வந்தா ஆளே வேற. முகத்துல ஒரு களை. டிங்கரிங் முடிச்சுப் பெயிண்ட் அடிச்சு நிறுத்தின வண்டியாட்டம். தோசை சுடும்போதே பேச்சு ஓடும். இன்னைக்கு இப்படி ஒரு கேள்வி வந்துச்சுங்க, அதுக்கு நான் இப்படிச் சொன்னனுங்க, தவசீலன் அப்படிச் சொன்னாருங்க.

தவசீலன். தேனிப் பக்கத்து ஆளு. அந்த லேப்லயே சம்பளத்துக்கு இருந்து ஆராய்ச்சி பண்றவரு. எங்க ஊட்டுக்காரி வயசுதான் இருக்கும். ஒரு தோசைக்கு ஒரு தடவை அந்தப் பேரு வரும். நான் எண்ணவெல்லாம் இல்லீங்க, காதுல விழுந்துச்சு. பத்து வார்த்தை பேசாத பொம்பளை மடை தொறந்தாப்புல பேசுனா அதுக்கு ஒரு காரணம் இருக்கணுமா இல்லையா? நான் சொன்னேன்ல, கேட்டதுக்கு மேல விவரம் சொல்றவங்க.

சரி, தகரத்தைப் போய்ப் பார்த்துருவோம்னு ஒரு புதன்கிழமை நானே கெளம்பிப் போனேன். கதவுல அனைவரும் வருகன்னு ஒட்டியிருந்துச்சு. உள்ள போய்க் கடைசி வரிசையில உக்காந்தேன். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணு விரிஞ்சுருச்சு. எந்திரிச்சு வந்து மேடத்துகிட்டக் கூட்டிக்கிட்டுப் போயி, இவருதாங்க மேடம்னு சொன்னா. இவருதான்னா என்ன அர்த்தம்? முன்னாலயே என்னைப் பத்தி ஏதோ பேசியிருக்காங்க. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு, வாரா வாரம் வாங்க சார், உங்களை மாதிரி ஆளுக வந்தாத்தான் எங்க தப்பு எங்களுக்குத் தெரியும்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. தப்புன்னு இவங்க ஏன் முந்திக்கிட்டுச் சொல்லணும்?

அன்னைக்கு யாரோ ஒரு பொண்ணு, இருமல் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்ற கம்ப்யூட்டரைப் பத்திப் பேசுச்சு. எனக்கு ஒண்ணும் ஏறலை. நான் அதுக்குப் போகலையே. பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். தவசீலன் மஞ்சச் சட்டை. எங்க ஊட்டுக்காரிக்கு நேர் பின்னால நாற்காலி. டீ வந்துச்சு. அந்தாளு தட்டுல இருந்து ஒரு டம்ளரைத் தேடி எடுத்து, மேடம் இது சர்க்கரை இல்லாததுன்னு அவகிட்ட நீட்டறாரு. அவளும் வாங்கிக் குடிக்கறா. அவ சர்க்கரை இல்லாமக் குடிப்பாங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியுமுங்க. கட்டுன புருசனுக்குத் தெரியாதது எவனோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

திரும்பி வரும்போது இதே சத்தி வண்டிதான், ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு, எப்படிங்க இருந்துச்சுன்னு கேட்டா. சந்தோசமா இருந்தா, அதைச் சொல்லணும். அந்த மஞ்சச் சட்டை யாருன்னு கேட்டேன். தவசீலன்னு சொன்னா. அவ்வளவுதான். அப்புறம் ஊரு வர்ற வரைக்கும் பேசலை. பார்த்தீங்களா? அந்தப் பேரை நான் எடுத்ததும் பேச்சு நின்னுருச்சு.

அதுக்கப்புறம் ஒரு புதன் விடலை நான். மழை பேஞ்சாலும் போயிருவேன். யாரு எங்க உக்கார்றாங்க, யாரு பேசும்போது யாரு சிரிக்கறாங்க, முடிஞ்சதும் யாரு யாரோட படி எறங்கறாங்கன்னு பார்ப்பேன். நான் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அங்க கலகலப்பு கொறஞ்சுபோச்சுங்க. நான் உள்ள நுழைஞ்சா பேச்சுக்குரல் தணிஞ்சுரும். மடியில கனம் இல்லைன்னா ஏன் தணியணும்? எங்க ஊட்டுக்காரி கொஞ்ச நாள் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஒரு நாள் துணி மடிச்சுக்கிட்டே, நீங்க வர வேண்டாமுங்க, அங்க புள்ளைகளுக்குக் கூச்சமா இருக்குதுன்னா. புள்ளைகளுக்கா உனக்கான்னு கேட்டேன். எனக்குத்தான்னு சொல்லிட்டு மடிச்ச துணியைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. வேண்டாம்னு சொல்ற எடத்துக்கு ஒரு சர்வேயர் கட்டாயம் போகணும். எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம்.

அப்புறம் அவ பேச வேண்டிய புதன் வந்துச்சு. வெளிய இருந்தெல்லாம் ஆளுக வந்திருந்தாங்க, ஹால் நெறஞ்சுருச்சு. திரையில காட்டின முதல் படத்துலயே நன்றின்னு போட்டு எம் பேரு. மயில்சாமி, சர்வேயர். எதுக்குப் போட்டான்னு அப்பப் புரியலை. பேச ஆரம்பிச்சா. நல்ல குரலுங்க அவளுக்கு, மைக்கே வேண்டியதில்லை. அவ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்குது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு சர்வேயர் இருக்காரு. அவரு முதல்ல அடிபட்ட பக்கத்தைப் பார்க்க மாட்டாரு. அடிபடாத பக்கத்தைப் பார்ப்பாரு. இந்த வண்டி முன்னால எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எங்க கெட்டுப்போச்சுன்னு தெரியும்பாரு. நாம நம்ம கம்ப்யூட்டருக்கு அடியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டிட்டு, கண்டுபுடின்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்."

சொல்லிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு, மேசையைச் சுத்தி ஒரு நடை நடந்து காட்டினா. அச்சு அசல் நானேதான். ஹால் மொத்தமும் சிரிச்சுது. தவசீலன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. அந்த மேடம் கூடச் சிரிச்சாங்க. எனக்கு உள்ளங்காலு வரைக்கும் கொதிச்சுப்போச்சுங்க. கட்டுன புருசனை நாலு பேருக்கு முன்னால கோமாளியாக்கறதுக்கு வாரா வாரம் கூடியிருக்காங்க. நான் வர்றதுக்கு முன்னால எத்தனை தடவை இந்த நடையை நடந்து காட்டியிருப்பாளோ.

கேள்வி நேரம் வந்துச்சு. எந்திரிச்சேன்.

"இந்த ஃபோட்டோவெல்லாம் யாரோடது? எடுத்தவர்கிட்டக் கேட்டீங்களா?"

நான் கேட்டது அவளைத்தான். பார்த்தது தவசீலன் முகத்தை. அந்தாளு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. எனக்கு அது போதும். எங்க ஊட்டுக்காரி என்னைப் பார்த்தா. அப்புறம், கேட்டுத்தான் வாங்கினோம்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்னு மெதுவாச் சொன்னா. பிரமிளா மேடம், மீதியை அப்புறம் பேசிக்கலாம்னு கூட்டத்தை முடிச்சுட்டாங்க.

இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க. அங்க ஆராய்ச்சியைக் கண்காணிக்கற கமிட்டி ஒண்ணு இருக்குதாமா. ஃபோட்டோக்காரரே ஆட்சேபணை சொல்லிட்டாருன்னா அதை வெச்சு ஒரு எழுத்துக் கூட எழுதக் கூடாதாமா. அதுல நம்பர் பிளேட் இருக்குது, அடிபட்ட ஜனங்க முகம் இருக்குது, கம்பெனி சமாசாரம் இருக்குது. அவ வருசக் கணக்கா உக்காந்து ஒவ்வொரு ஃபோட்டோவா இது புதுசு, இது பழசுன்னு குறிச்சு வெச்சது அத்தனையும் நின்னுபோச்சு. மேடம் எனக்கு ஃபோன் பண்ணி, ஒரு தடவை வந்து நான்தான் குடுத்தேன்னு கமிட்டி முன்னால சொல்லிட்டாப் போதும் சார், நாங்க முகத்தையெல்லாம் மறைச்சுக்கறோம்னாங்க. வேலை இருக்குது, பார்க்கறேன்னேன்.

எங்க ஊட்டுக்காரி ஒரே ஒரு தடவைதான் கேட்டா. சமையல்கட்டு வாசப்படியில நின்னுக்கிட்டு.

"நீங்கதானே எடுத்துக்கோன்னு குடுத்தீங்க?"

"குடுத்தேன். வந்து சொல்றேன். அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லு. அந்தத் தவசீலன் உனக்கு என்ன வேணும்?"

கோவப்படுவான்னு பார்த்தேன். அழுவான்னு பார்த்தேன். என்ற கேள்வி புரியாத மாதிரி நின்னா. அப்புறம் புரிஞ்சுது போல. முகத்துல இருந்த களை அப்படியே வடிஞ்சு போச்சுங்க, நான் என்ற கண்ணால பார்த்தேன். அடுப்பை அணைச்சுட்டுப் போயிட்டா. மறுக்கக் கூட இல்லைங்க. ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. எந்த வண்டிக்காரனாச்சும் சுத்தமா இருந்தா மறுக்காம இருப்பானா? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் அவ என்கிட்ட ஒரு வார்த்தை கெஞ்சலை. அந்த வெயில் காலம் முழுக்க, ஞாயித்துக்கிழமையானா கெளம்பிப் போயிருவா. எங்கன்னு கேட்டா, பட்டறைக்குன்னுவா. லேப்ல இருந்து நாலஞ்சு பேரு சேர்ந்துக்கிட்டு, கணபதி, கோவில்பாளையம், அன்னூருன்னு பட்டறை பட்டறையாப் போயி, வண்டிக்காரங்ககிட்டச் சொல்லிச் சம்மதம் வாங்கி, புதுசா ஃபோட்டோ எடுக்கறாங்களாமா. ஆரம்பத்துல இருந்து. என்ற ஃபோட்டோ ஒண்ணு கூட வேண்டாமுன்னு.

நான் பின்னாலயே போனேன். போகாம இருப்பனா? கணபதியில நமக்குப் பழக்கமான பட்டறை ஒண்ணு இருக்குது, அதுக்கு எதிர்த்த பேக்கரியில உக்காந்துக்கிட்டு பார்த்தேன். மூக்கு நசுங்கின ஒரு வேனு. எங்க ஊட்டுக்காரி சேலையை இடுப்புல செருகிக்கிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வேனைச் சுத்தி வர்றா. அடிபடாத பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு. வேடிக்கை பார்க்கறதுக்கு அங்க ஆளு இல்லை, ஆனாலும் அதே நடைதான் நடந்தா. தவசீலன் குடையைப் புடிச்சுக்கிட்டு அவ கூடவே நகர்றாரு. அவளுக்குக் குடை இல்லைங்க, தகரத்துக்கு. வெயில் நேரா பட்டா ஃபோட்டோ பளீர்னு அடிச்சு, துரு தெரியாமப் போயிரும். அது நான் கண்டுபுடிச்ச வழி, எனக்குத் தெரியாதா? ஆனா குடை புடிக்கறதுக்கு அந்தாளுதான் வேணுமா? கூட ரெண்டு பொண்ணுக இருந்துச்சுக, அதுக புடிக்கக் கூடாதா?

அவங்க போனதுக்கு அப்புறம் பட்டறைக்காரரைப் போய்க் கேட்டேன். என்னங்க பேசிக்கிட்டாங்கன்னு. வண்டியைப் பத்தித்தானுங்கன்னாரு. அப்புறம் அவரே, உங்க ஊட்டம்மா உங்களையே உரிச்சு வெச்சாப்புல பார்க்கறாங்க சார், நீங்க சொல்லிக் கொடுத்தீங்களான்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலைன்னேன். உண்மைதானே. ஒரு நாளும் நான் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கண்டக்டர் பார்க்கறாரு, காலை உள்ள இழுத்துக்குங்க. ஆமா, எங்க விட்டேன்?

மழை இறங்கினதுக்கு அப்புறம் மறுபடியும் அவ பேசற புதன் வந்துச்சு. என்கிட்டச் சொல்லலை. கதவுல ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கடைசி வரிசையில போய் உக்காந்தேன். இந்தத் தடவை சிரிப்பு இல்லை, நடை இல்லை. அடிபடாத பக்கத்தையும் சேர்த்துக் காட்டினதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் தப்பு பண்றது எவ்வளவோ கொறஞ்சுபோச்சுன்னு படம் போட்டுக் காட்டினா. அந்த மேடம் சத்தமாவே நல்லாருக்குன்னாங்க. யாரோ ஒரு பெரியவர் எந்திரிச்சு, அடிபடாத பக்கத்தைப் பார்க்கணும்ங்கற யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. நான் நிமிர்ந்து உக்காந்தேன்.

பட்டறைகள்ல பார்த்துக் கத்துக்கிட்டோம்னு சொன்னா.

பட்டறைகள்லயாமா. நன்றின்னு போட்டிருந்த படத்துலயும் எம் பேரு இல்லை. பட்டறைக்காரங்க பேரு இருக்குது, தவசீலன் பேரு இருக்குது, கூட வந்த பொண்ணுக பேரு கூட இருக்குது. அந்தாளுதான் சொல்லியிருக்கணும், அந்தப் பேரை எடுத்துருங்கன்னு. வேற யாரு சொல்லியிருப்பா? அவளா எடுக்க மாட்டா. அத்தனை வருசம் கூட வாழ்ந்திருக்கா.

முடிஞ்சதும் வெராந்தாவுல நிறுத்திக் கேட்டேன். எம் பேரை எடுக்கச் சொன்னது யாருன்னு. கையில டீ டம்ளரோட நின்னா. கோவமே இல்லீங்க, களைச்சுப் போனாப்புல இருந்தா.

"நீங்க இத்தனை புதன் வந்தீங்க. ஒரு நாளும் நான் பேசினதைக் கேட்கலை. யாரு கேட்கறாங்கன்னுதான் பார்த்தீங்க."

நான் கேட்டது ஒண்ணு, அவ சொன்னது ஒண்ணு. கேட்டதுக்குப் பதில் சொல்லாம வேற எதையாச்சும் சொல்றது இருக்குதே, அது எனக்குப் புதுசு இல்லை. எத்தனை வண்டிக்காரனைப் பார்த்திருக்கேன்.

அதுக்கப்புறம் பட்டம் வாங்கினா. ஓசூர்ல ஒரு காலேஜ்ல பெரிய வேலை கெடைச்சு, பொட்டி கட்டிக்கிட்டுப் போயிட்டா. சண்டை ஒண்ணும் இல்லைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. பஸ் ஏத்திவிட்டதே நான்தான். பொட்டியை மேல தூக்கி வெச்சுட்டு எறங்கறப்போ, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கன்னா. மாசத்துல ஒரு தடவை ஃபோன் பண்ணுவா. சாப்டீங்களாம்பா, நான் சாப்டேம்பேன். நான் ஒரு தடவை வர்றேன்னு சொன்னேன். இங்க புதன்கிழமைக் கூட்டமெல்லாம் இல்லீங்கன்னா. என்ன அர்த்தத்துல சொன்னான்னு தெரியலை.

ஆனா நான் இங்க வர்றதை நிறுத்தலை. அவ போனா என்ன, அந்தாளு இங்கதானே இருக்காரு. ஒரு நாளைக்கு ஏதாச்சும் வாய் தவறி வந்துதானே ஆகணும். இப்பக் கூட அங்க இருந்துதான் வர்றேன். இன்னைக்கு ஒரு பொண்ணு, அந்த இருமல் பொண்ணுதான், ரெண்டு வருசமா அதோடவே மல்லுக்கட்டுது. ஆஸ்பத்திரியில எடுத்த இருமலை மட்டும் வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்குது. நல்லா இருக்கறவன் தொண்டையைச் செருமினாலும் நோயாளின்னு சொல்லுதாமா. நோயாளிகளையே பார்த்துப் பழகினா அது அப்படித்தான் ஆகும்னு மேடம் சொன்னாங்க. பாவம் அந்தப் பொண்ணு, முகம் வாடிப்போச்சு. நல்லா இருக்கறவங்க இருமலையும் போய்ச் சேர்த்துட்டு வாம்மான்னு நான் எந்திரிச்சுச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ஆமான்னுச்சு அந்தப் பொண்ணு. சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா நமக்கும் ஏறத்தான் செய்யுது.

அதை விடுங்க. இன்னைக்கு நடந்ததைச் சொல்லத்தான் உங்ககிட்ட வாயைத் தொறந்தேன். கூட்டம் முடிஞ்சு கீழ வர்றேன், நல்ல தூறல். அந்தத் தவசீலன் பைக்கைக் கொண்டு வந்து பக்கத்துல நிறுத்தி, ஏறுங்க சார், கேட் வரைக்கும் விடறேன்னாரு. கேட்டுக்கு ரொம்பத் தூரமுங்க, என்ற முட்டியும் சரியில்லை. ஏறிட்டேன். கேட்டுகிட்ட இறக்கிவிட்டுட்டு, கோகிலவாணி மேடம் நல்லா இருக்காங்களா சார்னு கேட்டாரு. நல்லா இருக்காங்கன்னேன். அவங்க பேசினா அந்த ஹாலே நிமிர்ந்து உக்காரும் சார், இப்ப யாரும் அப்படிப் பேசறதில்லைன்னாரு. தலையில இருந்த ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டுச் சொன்னாருங்க. சொல்லிட்டு பஸ் வர்ற வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே கூட நின்னாரு. நீங்க கூடப் பார்த்திருப்பீங்க, மஞ்சச் சட்டை.

மனசுல ஒண்ணும் இல்லாத ஆளு எதுக்குங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கணும்? எதுக்கு ஹெல்மெட்டைக் கழட்டணும்? சுத்திச் சுத்திப் பார்த்துட்டேன், எந்தப் பக்கம் பார்த்தாலும் புடிபடலை. நீங்க வெளி ஆளு, உங்களுக்கு என்ன தோணுது?

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? இது அன்னூருதானே. புளியம்பட்டிக்குன்னு சொல்லித்தானே டிக்கெட் வாங்குனீங்க, நான் பக்கத்துலதானே நின்னுக்கிட்டு இருந்தேன். புளியம்பட்டி இன்னும் வரலையேங்க.